48 கிலோவுக்கு இடமில்லை

2001-இல் நடந்த முதல் பெண்கள் உலகக் குத்துச்சண்டைப் போட்டியில், 48 கிலோ பிரிவில் மேரி கோம் வெள்ளி வென்றார். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் முதன்முறையாகப் பெண்களைச் சேர்த்தபோது மூன்றே பிரிவுகள்: 51, 60, 75. மேரி கோம் 51-க்கு ஏறி வெண்கலம் வாங்கினார்.

அதே மெல்லெடையில் குத்திய தலித் வீராங்கனை, சென்னைத் துளசி. அவர் வாழ்க்கையை ‘லைட் ஃப்ளை, ஃப்ளை ஹை’ என்ற பெயரில் நார்வே நாட்டவர் 2013-இல் ஆவணப்படமாக்கினார்கள். சங்க நிர்வாகி ஒருவர்மீது பாலியல் தொல்லைப் புகார் கொடுத்தவர் அவர்.

மூன்று கிலோ ஏற வயிறாரச் சோறு வேண்டும். புகார் சொன்னால் கேட்க ஆள் வேண்டும். ராஜபாளையம் பஞ்சாலைத் தொழிலாளர் வீட்டிலும் ஸ்ரீவில்லிபுத்தூர்க் காலனியிலும் வளரும் நம் பெண்பிள்ளைகளுக்கு இவ்விரண்டும் உண்டா? பயிற்சிக் களத்தில் சத்துணவும், புகார்க் குழுவில் நம் பெண்களுக்கு இடமும் கேட்கிறோம். இது சலுகையல்ல, உரிமை.