ஓர் இராத்தல் தானியமும் ஓர் அணாவும்

ஏழையின் பசியைத் தீர்க்க வேண்டுமென்று சொல்லாதார் இலர். ஆனால் ஓர் ஏழை நாளொன்றுக்கு எவ்வளவு உண்டால் உயிர் வாழ்வான் என்று கணக்கிட்டவர் யார், அக்கணக்கை அவர் யாருடைய வயிற்றைக் கொண்டு போட்டார் என்று கேட்போர் மிகச் சிலரே. குறைந்த செலவில் உண்டு, மிஞ்சியதை எளியவர்க்கு ஈதல் நல்லறமே. எனினும் சிற்றுணவைத் தானே மேற்கொள்ளுதல் வேறு. அதனைப் பிறன்மேல் சுமத்துதல் வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டதால் விளைந்த கேட்டினை நம்மவர் சரித்திரமே காட்டும்.

1876 முதல் 1878 வரையில் சென்னை மாகாணத்தைத் தாது வருஷப் பஞ்சம் வாட்டியது. 1877-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளன்று, விக்டோரியா மகாராணியாரை இந்தியாவின் சக்கரவர்த்தினியென விளம்பரஞ் செய்யும் தர்பார் டில்லியில் பெருவிருந்துகளோடு நடந்தது. அதே மாதத்தில் ஸர் ரிச்சர்டு டெம்பிள் என்பார், பஞ்சநிவாரணச் செலவைச் சுருக்கும் பொருட்டு வைசிராய் லிட்டன் பிரபுவால் தெற்கே அனுப்பப்பட்டார். நிவாரண வேலையில் நாள் முழுதும் உழைக்கும் ஆண்மகனுக்கு ஓர் இராத்தல் தானியமும் ஓர் அணாவும் போதுமென அவர் விதித்தார். பெண்டிருக்கும் சிறுவருக்கும் அதனினும் குறைவு.

இவர் பஞ்சத்தை அறியாதவர் அல்லர். 1874-ல் பீகாரில் பஞ்சம் வந்தபோது பர்மாவிலிருந்து அரிசியைத் தருவித்து மக்களைக் காத்தவர் இவரே. அதற்காக வீண்செலவுக்காரர் என்று தூற்றப்பட்டார். காத்ததற்குப் பழி கிடைத்தது. குறைத்தால் புகழ் கிடைக்கும் என்பதே அக்கால அரசாங்கத்தின் போக்காயிருந்தது.

அவ்விதியை எதிர்த்தவர் சென்னை மாகாணச் சுகாதாரக் கமிஷனர் டாக்டர் கார்னிஷ். மண் சுமப்பவனுக்கு ஒன்றரை இராத்தல் தானியமாவது வேண்டும், அதனோடு பருப்பும் காய்கறியும் வேண்டும் என்று அவர் வாதாடினார். பம்பாய் மாகாணத்திலோ உழைப்பாளரே அக்கூலியை ஏற்க மறுத்து வேலையை விட்டு வெளியேறினர். 1877 மார்ச்சு மாதத்தில் சென்னை அரசாங்கம் பாதிவழி இறங்கி வந்து, ஒன்றேகால் இராத்தல் தானியமும் ஒன்றரை அவுன்சு பருப்பும் என்று திருத்தியது. அதற்குள் எத்தனையோ உடல்கள் எலும்புக்கூடாகிவிட்டன. பஞ்சத்திலும் அதைத் தொடர்ந்த நோயிலும் பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மாண்டவர் ஐம்பது லட்சத்திற்கு மேலாவர் என்பது கணக்கு. ஓர் இராத்தலென்று அளவு வகுத்தவருக்கு அதை உண்டு உழைக்கும் கட்டாயம் ஒருநாளும் நேர்ந்ததில்லை.

இஃது எங்கோ நடந்த கதை, பினாங்குக்கு என்ன என்று நேயர்கள் எண்ண வேண்டா. பஞ்சமும் வறுமையும் துரத்த, நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்குத் துறையில் இறங்கியோரின் வழிவந்தோர் நம்மில் பலர். அக்கரையில் செபராங் பிறை என இன்று வழங்கும் பகுதியின் கரும்புத் தோட்டங்களில் அவர்கள் ஒப்பந்தக் கூலிகளாய் உழைத்தனர். அவ்வொப்பந்த முறை மலாயாவில் 1910-ல் ஒழிந்தது. ஆயினும் அளவுகோல் ஒழியவில்லை. பின்னர் ரப்பர்த் தோட்டங்களில், அரிசி இவ்வளவு, பருப்பு இவ்வளவு, துணி இவ்வளவு என்று தொழிலாளி குடும்பத்தின் வரவுசெலவைப் பிறர் எழுதி, அதன்மேல் கூலி கட்டினர். உலக வியாபார மந்தத்தின்போது அதுவும் வெட்டப்பட்டது. 1936-ஆம் ஆண்டின் இறுதியில் இங்கு வந்து ஆராய்ந்த சீனிவாச சாஸ்திரியார், ஆணுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் ஆகிய பழைய நாட்கூலியே திரும்ப வேண்டுமென்று எழுதினார். மீண்டும் கூலி குறைக்கப்படவே, 1938-ல் உதவிபெற்றுக் கப்பலேறும் குடியேற்றத்தை இந்திய அரசாங்கம் நிறுத்தியது.

ஆனால் வியப்பு ஈதே: பிறர் அளந்த அந்தச் சிறு கூலியிலும் நம் முன்னோர் இன்னும் ஒரு பிடி குறைத்து உண்டு, தஞ்சையிலும் திருச்சியிலும் இருந்த பெற்றோருக்கும் உடன்பிறந்தாருக்கும் மணியார்டர் அனுப்பினர். தமிழ்நாட்டில் உலையிலிடும் அரிசியில் ஒரு பிடியைத் தனிக்கலத்தில் எடுத்து வைக்கும் பிடியரிசி வழக்கம் உண்டு. அந்த வழக்கமே கடல் கடந்து காசாயிற்று என்போம். தாது வருஷத்திற்குப் பத்தாண்டுகளுக்கு முன், 1867-ல், வடலூரில் இராமலிங்க அடிகள் நிறுவிய சத்திய தருமசாலையும் இவ்வழிப்பட்டதே. மிகக் குறைய உண்டு வாழ்ந்த அத்துறவி, பசித்து வந்தோருக்கு இராத்தல் கணக்கு விதிக்கவில்லை, சாதி கேட்கவுமில்லை. அன்று மூட்டிய அடுப்பு இன்றும் எரிகின்றது.

ஆகவே சிக்கனம் என்பது உள்ளவன் தனக்குச் சொல்லிக்கொள்ள வேண்டிய சொல், இல்லாதவனுக்கு உபதேசிக்கத்தக்கதன்று. ஒரு வாரம் எளிய உணவு உண்டு, மிஞ்சிய பணத்தை ஏழைக்குக் கொடுப்பவரை நாம் பாராட்டுவோம். ஆனால் எட்டாம் நாள் விருந்து காத்திருக்கும் என்று அறிந்தவன் பசியை முழுதும் அறிந்தவனாகான். “இவ்வளவில் நான் வாழ்ந்து காட்டினேன், உனக்கென்ன குறை?” என்று அவன் சொல்லத் தொடங்கினால், அவனும் டெம்பிள் துரையின் வழியில் நிற்பவனாவான்.

இன்று பினாங்குத் தொழிற்சாலைகளில் உழைக்கும் வங்காளதேசத்தாரும் நேபாளத்தாரும், நம் பாட்டன்மாரைப் போலவே வாயைக் கட்டி ஊருக்குப் பணம் அனுப்புகின்றனர். அவர்கள் உண்ணும் சோற்றைக் கண்டு, இவர்களுக்கு இது போதும் என்று கூறும் உரிமை யாருக்கும் இல்லை. நமக்கு அறவே இல்லை. நம் கலத்தில் ஒரு பிடி குறைப்போம்; அவர்கள் கூலியில் ஒரு காசும் குறையாதிருக்கக் குரல் கொடுப்போம். முன்னதை மட்டும் செய்வது தருமம்; பின்னதையும் சேர்த்துச் செய்வதே நியாயம்.