கைதானவன் எங்கே?

விசாரியாது கொன்றமையே பாண்டியன் செய்த பிழை. கோவலனின் வாய்மொழியைக் கேட்பார் எவருமிலர். கண்ணகி வழக்குரைத்தபோது நீதி வென்றது. ஆயினும் கணவன் மீண்டிலன். இளங்கோவடிகள் பிறந்த சேரநாட்டிலே குடியேறி வாழும் நாம் குற்றவியல் நீதிமுறையைச் சிறிது அறிந்திருத்தல் நலம்.

காவலர் கைது செய்வர். நடுவர் அக்காவலை ஆராய்வார். பின்னர் குற்றப்பத்திரிகை, சாட்சி, தீர்ப்பு, மேல்முறையீடு எனப் படிகள் தொடரும். அமெரிக்காவில் கடுங்குற்றம் சாட்டப்பட்டவர் ஜூரிகளின் முடிவைக் கோரலாம். நம் நாட்டில் நீதிபதியே முடிவு செய்கிறார். கைதானவரை 24 மணி நேரத்துக்குள், பயண நேரம் நீங்கலாக, நடுவர்முன் நிறுத்தவேண்டுமென 1950இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பு விதிக்கிறது. தடுப்புக் காவல் முதலிய சிலவற்றுக்கே விலக்கு உண்டு. முறைகேடாக அடைத்து வைத்தால் உறவினர் உயர்நீதி மன்றத்தில் ஆட்கொணர்வு விண்ணப்பம் செய்யலாம். 1787இல் வரையப்பெற்ற அமெரிக்க அரசியலமைப்பும் இவ்வுரிமையைப் பெயர் சுட்டிக் காக்கிறது.

இவ்வுரிமை இல்லாத காலத்தின் கொடுமையைக் கேரளம் கண்டது. நெருக்கடி நிலையின்போது, 1976 மார்ச் 1ஆம் நாள், கோழிக்கோட்டுப் பொறியியல் கல்லூரி மாணவர் ராஜனைக் காவலர் கொண்டுசென்றனர். எந்த நடுவர்முன்னும் அவரை நிறுத்தவில்லை. அவர் தந்தை ஈச்சரவாரியர், இந்திப் பேராசிரியர், அதிகாரிகளின் வாயில்தோறும் அலைந்தார். அவ்வாண்டு ஏப்ரலில் உச்சநீதி மன்றமோ, நெருக்கடிக் காலத்தில் ஆட்கொணர்வு கோர இயலாதென்று தீர்ப்பளித்தது.

1977 மார்ச் 21இல் நெருக்கடி நிலை நீங்கியது. நான்கே நாளில் தந்தை எர்ணாகுளத்து உயர்நீதி மன்றத்தை அடைந்தார். நம் தோப்பும்படிப் பாலம் கடந்து, வெல்லிங்டன் தீவு வழியே சென்றால் எட்டும் தொலைவிலுள்ள மன்றமே அது. ஏப்ரல் 13இல், ராஜனைக் கொண்டுவந்து நிறுத்துக என மன்றம் ஆணையிட்டது. அவர் காவலில் மாண்டார் என்று அரசு பின்னர் ஒப்புக்கொண்டது, உடலும் கிடைக்கவில்லை. முதலமைச்சர் கருணாகரன் பதவி விலகினார். நெருக்கடி நிலையிலும் உயிருரிமையை நிறுத்தி வைத்தலாகாதென 1978இல் 44ஆவது திருத்தம் வந்தது.

கண்ணகியும் ஈச்சரவாரியரும் நீதி கேட்டபோது காலம் கடந்திருந்தது. மொழி புரியாத ஊரில் நம் பிள்ளைகளுள் எவரேனும் கைதானால் நாம் காலந்தாழ்த்தல் கூடாது. வண்டி வந்த நேரத்தையும் சென்ற நேரத்தையும் எழுதியே பழகியது நம் கை. ஆதலின் கூறுகிறோம்: கைதான நேரத்தை உடனே குறித்துக்கொள்ளுங்கள். கைதுக் குறிப்பில் உறவினரோ அவ்வூர்ப் பெரியவரோ சாட்சிக் கையொப்பமிடலாம். வழக்கறிஞருக்குப் பணமில்லையெனில், 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி காவலிலுள்ளோர்க்கு இலவச சட்ட உதவி உண்டு. 24 மணி நேரத்துக்குள் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: கைதானவன் எங்கே?