4 புள்ளிகளும் 36 புள்ளிகளும்

விளையாட்டுச் செய்தியின் முதல் வசனத்தில் ஒரு பெயர் இருக்கவேண்டும், இரண்டு பெயர்கள் இருக்கக்கூடாது என்பது ஆசிரியபீடத்தில் எனக்குத் தொழில் கற்பித்த மூத்தவர் ஒருவர் வகுத்த விதி. வாசகன் ஒருவனை நினைவில் வைப்பான், இருவரைக் குழப்பிக்கொள்வான் என்பது அவரது வாதம். அந்த விதியைப் பல்லாண்டு காலம் நானும் பின்பற்றினேன். அதனால் விளையும் அநீதியை எனக்கு உணர்த்தியது, 1970ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடைபெற்ற ஒரு கூடைப்பந்தாட்டத் தொடரின் வரலாறு.

அவ்வாண்டு அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தாட்டத்தின் இறுதித் தொடரில் நியூயோர்க் நிக்ஸ் அணியும் லொஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ் அணியும் மோதின. ஏழு ஆட்டங்களில் நான்கை முதலில் வெல்லும் அணிக்கே பட்டம். 1946இல் ஆரம்பிக்கப்பட்ட நிக்ஸ் அதுவரை ஒருமுறையேனும் சம்பியன் ஆனதில்லை. லேக்கர்ஸோ 1960களில் மட்டும் ஆறு தடவைகள் இறுதித் தொடரில் பொஸ்ரன் அணியிடம் தோற்றிருந்தது. இரு தரப்புக்கும் பசி இருந்தது.

நிக்ஸின் தலைவர் வில்லிஸ் றீட் மைய ஆட்டக்காரர். அவருக்கு எதிரே நின்றவர் ஏழடியையும் கடந்த உயரமுடைய வில்ற் சேம்பர்லேன். கூடைக்குக் கீழே அவரை மறித்து நிற்கும் உடல்வலிமை நிக்ஸில் றீட் ஒருவருக்கே இருந்தது. முதல் நான்கு ஆட்டங்களில் இரு அணிகளும் இவ்விரண்டு வெற்றிகளைப் பெற்றிருந்தன.

மே 4ஆம் திகதி நியூயோர்க்கின் மடிசன் சதுக்க அரங்கில் ஐந்தாவது ஆட்டம். முதற் காற்பகுதியிலேயே றீட் தொடைத் தசை கிழிந்து வீழ்ந்தார். இடைவேளையின்போது லேக்கர்ஸ் 53 - 40 என முன்னின்றது. ஆட்டம் முடிந்துவிட்டதென்றே பலரும் கருதியிருப்பர்.

இடைவேளையில் பில் பிரட்லி ஒரு யோசனையை முன்வைத்தார். ஒக்ஸ்போர்ட்டில் றோட்ஸ் புலமைப்பரிசிலில் பயின்ற இவர், பின்னாளில் நியூஜேர்சி மாநிலத்தின் செனற்றராக 18 ஆண்டுகள் பணியாற்றியவர். மைய ஆட்டக்காரர் இல்லையென்றால் மையம் இல்லாமலே ஆடுவோம் என்பதே அந்த யோசனையின் சாரம். குறிபார்த்து எறியக்கூடியவர்கள் கூடையிலிருந்து விலகிப் பரந்து நின்றால், சேம்பர்லேன் கூடையைக் கைவிட்டு வெளியே வரவேண்டும். வராவிட்டால் தடையின்றி எறியலாம். பயிற்றுநர் றெட் ஹோல்ஸ்மன் இதனை ஏற்றுக்கொண்டார்.

மறுமுனையிலும் அதே துணிவு. சேம்பர்லேனை விட அரையடிக்கு மேல் குட்டையான டேவ் டிபுஷரும், அவருக்குப்பின் டேவ் ஸ்ரோல்வேர்த்தும் அவரை மறித்தனர். உயரத்தால் வெல்ல முடியாதென்பதால், பந்து அவரிடம் சென்றடையும் பாதையையே ஏனையோர் அடைத்தனர். பிற்பாதியில் மட்டும் லேக்கர்ஸ் 19 தடவைகள் பந்தைப் பறிகொடுத்தது. 107 - 100 என வென்றது, தலைவனை இழந்த நிக்ஸ்.

ஆயினும், ஓர் உபாயம் ஒருமுறைதான் திகைக்கவைக்கும். இரண்டு நாட்களின் பின் லொஸ் ஏஞ்சல்ஸில் நடந்த ஆறாவது ஆட்டத்தில் சேம்பர்லேன் 45 புள்ளிகளைப் பெற்று, கூடையில் பட்டுத் திரும்பிய பந்துகளில் 27ஐக் கைப்பற்றினார். லேக்கர்ஸ் 135 - 113 என நையப்புடைத்தது. றீட்டின் இடத்தை நிரப்ப முடியாது என்பதும் மெய்தான்.

மே 8ஆம் திகதி ஏழாவது ஆட்டம். வலிநீக்கி ஊசி ஏற்றிக்கொண்டு, ஏனையோர் பயிற்சி செய்துகொண்டிருக்கையில் றீட் நொண்டியபடி அரங்கினுள் வந்தார். கூடியிருந்த 19,500 பேரும் எழுந்து ஆரவாரித்தனர். லேக்கர்ஸ் வீரர்களும் தங்கள் பயிற்சியை நிறுத்திவிட்டுப் பார்த்து நின்றனர் என்பர். ஆட்டம் தொடங்கியதும் நிக்ஸின் முதலிரு கூடைகளையும் றீட்டே போட்டார். அத்துடன் சரி. அன்று அவர் பெற்றவை 4 புள்ளிகள் மட்டுமே. நிக்ஸ் 113 - 99 என வென்று முதன்முறையாகச் சம்பியனானது.

அந்த 113இல் 36 புள்ளிகள் யாருடையவை? வோல்ற் பிரேசியருடையவை. அதற்கும் மேலாக, சகாக்கள் போட்ட கூடைகளில் 19க்கு வழிசெய்து பந்தைக் கொடுத்தவரும் அவரே. இறுதித் தொடரொன்றின் ஏழாவது ஆட்டத்தில் இதற்கு நிகரான ஆட்டங்கள் மிகச்சில. ஆயினும் தொடரின் சிறந்த வீரர் விருது றீட்டுக்குச் சென்றது. 2023 மார்ச்சில் றீட் காலமானபோதும் அஞ்சலிக் கட்டுரைகள் அந்த நொண்டி நடையிலிருந்தே தொடங்கின.

இதற்கு ஒரு காரணம் அந்த வாரத்திலேயே இருந்ததென நான் நினைக்கிறேன். ஐந்தாவது ஆட்டம் நடந்த அதே மே 4ஆம் திகதியில்தான், கம்போடியாவுக்குப் போர் விரிவுபடுத்தப்பட்டதை எதிர்த்த மாணவர்கள்மீது ஒஹையோவின் கென்ற் மாநிலப் பல்கலைக்கழகத்தில் தேசியக் காவற்படை சுட்டது, நால்வர் மாண்டனர். ஏழாவது ஆட்ட தினத்தன்று பகலில், நியூயோர்க்கின் வோல் வீதிப் பகுதியில் போர் எதிர்ப்பு மாணவர்களைக் கட்டடத் தொழிலாளர்கள் தாக்கினர். இரண்டுபட்டுக் கிடந்த அந்நகருக்கு, அன்றிரவு எல்லோரும் எழுந்து நின்று கைதட்ட ஒரு மனிதன் கிடைத்தான். புள்ளிவிபரத்தைவிட அது பெரிதாகத் தோன்றியதில் வியப்பில்லை.

பத்து ஆண்டுகளின் பின்னர் இதே கதை லேக்கர்ஸ் பக்கம் திரும்பியது. 1980 மே 16ஆம் திகதி, கணுக்கால் சுளுக்கிய கரீம் அப்துல் ஜபார் வீட்டிலிருக்க, 20 வயதேயான மஜிக் ஜோன்சன் மையத்தில் நின்று 42 புள்ளிகள் பெற்றார். பிலடெல்பியாவில் பட்டம் வெல்லப்பட்டது. அதே ஆட்டத்தில் ஜமால் வில்க்ஸ் 37 புள்ளிகள் பெற்றதை எத்தனைபேர் அறிவர்?

காயமுற்று மீண்டவனும் கதை ஆகிறான். அவன் இடத்தில் நின்றவனும் கதை ஆகிறான். தன் இடத்திலேயே நின்று, தன் வேலையை இருமடங்காகச் செய்தவன் மட்டும் புள்ளி அட்டவணையில் தங்கிவிடுகிறான்.

இளம் நிருபராக இருந்த காலத்தில் பாடசாலை அணிகளின் கூடைப்பந்தாட்டம் ஒன்றைப் பற்றி எழுதியிருந்தேன். முழங்காலில் கட்டுடன் ஆடிய தலைவனே என் முதல் வசனம், தலைப்பும் அவனே. பல ஆண்டுகளின் பின் ஒரு திருமண வீட்டில் நடுவயதுக்காரர் ஒருவர் என்னை அடையாளங்கண்டு வந்து பேசினார். அன்று கூடுதல் புள்ளிகள் பெற்றவர் தாமே என்றார். அச்செய்தித் துணுக்கை அவருடைய தாயார் வெட்டி வைத்திருந்தாராம். அதில் மகனின் பெயர் எங்கே இருக்கிறதென்று தேடித்தேடிப் பார்த்தாராம். இதைச் சிரித்தபடியேதான் சொன்னார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இடம் போதாது என்று கடைசிப் பந்தியை வெட்டியவன் நானே. அவருடைய பெயர் அந்தப் பந்தியில்தான் இருந்தது.