நாசி கண்டாரும் இரும்புச் சட்டியும்

நாசி கண்டார் என்பது பினாங்குத் தலைநகர் ஜார்ஜ் டவுனில் தமிழ் முஸ்லிம் வணிகர்கள் தோளில் சுமந்து விற்றுப் பேரெடுத்த சோறும் கறியும். 'கண்டார்' என்பது இரு முனையிலும் பாரம் தொங்கும் காவடித் தடி. உழைப்பவரைத் தேடிப் போகும் சாப்பாடு என்ற வகையில் இதற்கு அமெரிக்காவில் ஓர் ஒன்றுவிட்ட சகோதரன் உண்டு: மாடோட்டிகளின் சமையல் வண்டி. ஆனால் அந்த வண்டி வார்ப்பிரும்புப் பாத்திரங்களையும் கூடவே இழுத்துச் சென்றது. பினாங்குக் காவடிக்கு அது கட்டுப்படியாகவில்லை.

1866இல் டெக்சஸ் பண்ணையாளர் சார்லஸ் குட்நைட், ராணுவம் கழித்துவிட்ட ஸ்டூடபேக்கர் வண்டி ஒன்றின் பின்புறத்தில் அறைகள் கொண்ட மளிகைப் பெட்டியைப் பொருத்தினார். பெட்டியின் கதவைக் கீழே இறக்கினால் அதுவே சமையல் மேசை. அவரை, உப்பிட்ட பன்றிக்கறி, மாவு, காப்பிக்கொட்டை எல்லாம் அதில் ஏறின. கூடவே 'டச்சு அவன்' எனும் மூன்று கால் வார்ப்பிரும்புச் சட்டியும். அதன் மூடிக்கு உயர்ந்த விளிம்பு உண்டு. அடியிலும் மூடிமேலும் தணலைப் பரப்பினால் உள்ளே இருப்பது இருபுறமும் வேகும். புளித்த மாவில் செய்த 'பிஸ்கட்' அதில்தான் சுடப்பட்டது. டீயில் நனைத்துத் தின்னும் பிஸ்கட் அல்ல, மெத்தென்ற சின்ன ரொட்டி. விறகு கிடைக்காத வெட்டவெளிகளுக்காக வண்டிக்கு அடியில் மாட்டுத்தோலைத் தொங்கவிட்டு, வழியில் அகப்படும் சுள்ளியையும் காய்ந்த சாணத்தையும் அதில் போட்டுக்கொண்டே போனார்கள். வண்டியை இழுக்க மாடோ கோவேறு கழுதையோ இருந்ததால் பாத்திரத்தின் கனத்தைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

ஜார்ஜ் டவுனில் சுமந்தது மனிதத் தோள். 1786இல் பிரான்சிஸ் லைட் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக நிறுவிய இந்தத் துறைமுகத்துக்குச் சோழமண்டலக் கரைத் தமிழ் முஸ்லிம்கள் ஆரம்பத்திலேயே வந்துவிட்டார்கள். அவர்களைக் குறிக்கும் பெயர்கொண்ட சூலியா தெருவும், 1801இல் காதர் மொகிதீன் தலைமையில் எழுந்த கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும் அதற்குச் சாட்சி. பின்னாளில் கடையநல்லூர், தென்காசி, இராமநாதபுரம் பகுதிகளிலிருந்து கப்பலேறியவர்களில் பலர் சாப்பாட்டுத் தொழிலில் இறங்கினார்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களுக்குக் காலையில் பசியாறச் சோறு வேண்டியிருந்தது. வீட்டில் ஆக்கிய சோற்றை ஒரு முனையிலும் கறிகளை மறு முனையிலும் தொங்கவிட்டுக் காவடிக்காரர் நடந்தார். ஒவ்வொரு ராத்தல் இரும்புக்கும் ஒரு ராத்தல் சோறு குறையும் என்பதால் அடுப்பும் கனத்த சட்டியும் வீட்டோடு நின்றுவிட்டன.

காவடி மறைந்து, பெயர் மட்டும் கடைகளில் நிலைத்திருக்கிறது. கேம்பல் தெருவின் ஹமீதியா உணவகம் 1907 முதல் நடக்கிறது. மூன்றடி உயர மரத்தொட்டியில் சோற்றை வைப்பது பழைய வழக்கம்; அது சோற்றுக்குத் தனி வாசம் தரும். வெண்டைக்காய், கணவாய், மீன்சினை, ஆட்டிறைச்சி என்று கைகாட்டியதைத் தட்டில் வைத்து, நான்கைந்து குழம்புகளைக் கலந்து ஊற்றுவார்கள். சோறு முழுகும் அளவுக்குக் குழம்பு வேண்டுமென்றால் 'பாஞ்சிர்' என்று சொன்னால் போதும்.

பினாங்கில் இரும்பின் ஆட்சியைப் பார்க்கத் தெருவோர ஒட்டுக்கடைக்குத்தான் போக வேண்டும். சீனாவில் கி.மு. 5ஆம் நூற்றாண்டு வாக்கிலேயே இரும்பை உருக்கி வார்த்தார்கள்; குவாங்தோங்கின் ஃபோஷான் ஊர்ச் சட்டிகள் தென்கடல் நாடுகளுக்கெல்லாம் ஏற்றுமதியாயின. தமிழர் அந்தச் சீனச் சட்டியை 'குவாலி' என்ற மலாய்ப் பெயரோடு ஏற்றுக்கொண்டதன் விளைச்சல்தான் 'மாமாக்' (தமிழ் முஸ்லிம்) கடைகளின் மீ கோரெங் எனும் நூடுல்ஸ் வறுவல். நூடுல்ஸ் சீனருடையது, கைப்பக்குவம் தமிழ் முஸ்லிமுடையது. புகையும் குவாலியில் எண்ணெய், மிளகாய் விழுது, மஞ்சள் மீ, தவ்வு (சோயாக்கட்டி), உருளைக்கிழங்கு என்று வரிசையாக விழும். கரண்டி அடிச்சட்டியைச் சுரண்டும் 'கரக் கரக்' சத்தத்துக்கு நடுவே மீயை ஓரமாக ஒதுக்கி, காலியான இடத்தில் முட்டையை உடைத்து ஊற்றுவார்கள். அள்ளிப் போட்டால் சட்டி ஆறிவிடும், மீ வறுபடாமல் வெந்துவிடும். சார் குவே தியாவ் எனும் அரிசி நூடுல்ஸ் வறுவல் கடைகளில் தட்டுத் தட்டாகச் செய்வதும் இதனால்தான். வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுக்கத்தான் செய்வார்கள்.

டச்சு அவனுக்கும் அந்தச் சீனச் சட்டிக்கும் பொதுவான வார்ப்பிரும்பில் கரி 2 முதல் 4 விழுக்காடு இருக்கும். அதனால் தூய இரும்பு 1,538 பாகை செல்சியசில் உருக, இது சுமார் 1,150 முதல் 1,200 பாகையிலேயே உருகி அச்சில் ஓடும். 1707இல் இங்கிலாந்தின் ஆபிரகாம் டார்பி மணல் அச்சில் பானை வார்க்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றபின் அங்கே இரும்புப் பானை மலிவானது. வார்ப்பிரும்பு மெல்லச் சூடேறும், ஏறிய சூட்டை விடாது. அதன் பலவீனம், உடையும் தன்மை. ஒவ்வொரு தட்டுக்கும் இடையே கொதிக்கும் குவாலியில் தண்ணீரை வீசித் துடைக்கும் ஒட்டுக்கடைக்காரருக்கு அது ஒத்துவராது. அப்படிச் செய்தால் கனத்த வார்ப்பிரும்பு விரிசல் விடக்கூடும். ஆகவே இன்று பல கடைகளில் இருப்பது எஃகுத் தகட்டுக் குவாலி.

இரண்டையும் பழக்கும் முறை மட்டும் ஒன்றே. மெல்லிய எண்ணெய்ப் பூச்சு அதிகச் சூட்டில் இறுகிக் கறுத்த படலமாகும். அதில் மாவு ஒட்டாது. தமிழ்நாட்டில் புதுத் தோசைக்கல்லை வடிகஞ்சியில் ஊறப்போட்டு, கழுவிக் காயவைத்து, எண்ணெய் தடவிச் சூடேற்றி, அரை வெங்காயத்தால் தேய்ப்பார்கள். புளிக்குழம்பை இரும்புச் சட்டியில் வைத்தால் படலம் கரைந்து குழம்பில் இரும்பு வாடை ஏறும்.