சாலகன் என்ற சொல்லுக்குள் இருக்கும் பெண்

பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்த இரண்டு பழைய குடும்பங்களுக்குள் என்ன உறவு என்று ஆவணங்களைக் கொண்டு தேடுகிறவர்கள் சீக்கிரமே ஓர் இடத்தில் நின்றுவிடுவார்கள். அப்பன், மகன், பேரன் என்று இறங்கும் கோடு தெளிவாக இருக்கும். ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போகும் கோடு மட்டும் அறுந்து கிடக்கும். காரணம் எளியது. வீடுகளை இணைத்தவர்கள் கட்டிக்கொடுக்கப்பட்ட பெண்கள். அவர்களின் பெயரை எழுதும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. மதுரைக்குப் பக்கத்தில், ஒத்தக்கடையைச் சுற்றியுள்ள குன்றுகளில் இந்த வழக்கத்தை இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் பின்னோக்கிப் பார்க்க முடிகிறது.

ஒத்தக்கடைக்கு வடக்கே மாங்குளம் மீனாட்சிபுரம் குன்றில் சமணத் துறவிகளுக்காகக் கல்லில் படுக்கைகள் வெட்டிய குகைத்தளங்கள் இருக்கின்றன. அங்கே தமிழ் பிராமி எழுத்துகளை 1882இல் ராபர்ட் சீவெல் கண்டார். அந்த எழுத்துகள் சொல்வது தமிழ்தான் என்று 1924இல் கே.வி. சுப்பிரமணிய அய்யர் நிறுவினார். நெடுஞ்செழியன் என்ற பாண்டியன் பெயர் அதில் இருப்பதை 1965இல் ஐராவதம் மகாதேவன் படித்துக் காட்டினார். பொதுஆண்டுக்கு முன் 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்பது அவர் கணிப்பு.

அவற்றில் ஒன்று, கணிநந்தன் என்ற துறவிக்குப் பள்ளி அமைத்துக் கொடுத்தவரை இப்படி அறிமுகம் செய்கிறது: நெடுஞ்செழியனின் சாலகன் இளஞ்சடிகனுடைய தந்தை சடிகன். ஒரே வரியில் அரசன், மகன், தந்தை என்று மூன்று ஆண்கள். ‘சாலகன்’ என்பதற்கு மனைவியின் உடன்பிறந்தான் என்றும், சகலன், அதாவது மனைவியின் சகோதரியை மணந்தவன் என்றும் பொருள் சொல்கிறார்கள். எந்தப் பொருளை எடுத்தாலும் அந்த உறவு ஒரு பெண் வழியாகத்தான் வந்தாக வேண்டும். அரச வீட்டையும் சடிகன் வீட்டையும் இணைத்தவள் அவள். அந்த இணைப்பு பெருமைக்குரியது என்பதால்தான் கல்லில் ஏறியது. ஆனால் ஏறியது உறவுமுறை மட்டும்தான். அவள் பெயர் ஏறவில்லை.

இதற்கு அருகிலிருக்கும் அழகர்மலைக் குகையில் கொடை கொடுத்தவர்கள் தம் தொழிலோடு நிற்கிறார்கள்: பொன் கொல்லர், உப்பு வணிகர், கொழு வணிகர், அறுவை வணிகர். அங்கே சபமிதா என்ற பெண் துறவியின் பெயரையும் மகாதேவன் படித்திருக்கிறார். ஒருவருக்கு மனைவியாகவோ தாயாகவோ நிற்காமல், துறவியாக, தன் பெயரிலேயே அவள் நிற்கிறாள். குடும்பத்துக்கு வெளியே போனவளுக்குப் பெயர் கிடைத்தது, குடும்பங்களைக் கட்டியவளுக்குக் கிடைக்கவில்லை என்பதை இரண்டு குன்றுகளையும் சேர்த்துப் படிக்கும்போதுதான் உணர்கிறோம்.

இனி ஒத்தக்கடையின் தலைமாட்டிலேயே கிடக்கும் யானைமலைக்கு வருவோம். அதன் அடிவாரத்து நரசிங்கம் ஊரில் நரசிங்கப் பெருமாள் குடைவரையை எடுத்தவன் மாறன் காரி. பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் உத்தரமந்திரி. திருநெல்வேலிச் சீமையின் களக்குடியைச் சேர்ந்த வைத்தியக் குடும்பத்தவன். களக்குடிக்குக் கரவந்தபுரம் என்றும் பெயர். வேள்விக்குடிச் செப்பேட்டிலும் இவன் வருகிறான். கோயிலின் கிரந்தக் கல்வெட்டு கலியாண்டு 3871, அதாவது பொ.ஆ. 770 என்று காலம் குறிக்கிறது. கோயிலுக்கு நீர் தெளிக்கும் முன்பே மாறன் காரி இறந்துவிட, அவன் தம்பி மாறன் எயினன் அதே பதவிக்கு வந்து, முகமண்டபம் எடுத்து, நீர் தெளித்து முடித்தான் என்கிறது வட்டெழுத்துப் பகுதி. அண்ணன் தம்பி உறவு, பதவி கைமாறியது, வேலை நின்ற இடம் என எல்லாம் இருக்கிறது. இறந்தவனுக்கு மனைவி இருந்தாளா என்பதற்கு ஒரு சொல் இல்லை.

மூன்று ஆண்டு கழித்து, நகரத்தின் மறுபக்கத்தில் திருப்பரங்குன்றத்தில் இன்னொரு கல்வெட்டு. அதே அரசன். இங்கே கோயிலையும் குளத்தையும் திருத்துவித்தவன் மகாசாமந்தன் சாத்தன் கணபதி. அவனும் கரவந்தபுரத்தான்; அவனும் வைத்தியன். ஊரும் குலமும் காலமும் ஒன்றாக இருப்பதை வைத்து இருவரையும் ஒரே குடியைச் சேர்ந்தவர்கள் என்று சொல்லலாம். என்ன முறை என்று கல் சொல்லவில்லை. தெற்கேயிருந்து வந்த ஒரு குடும்பம் தலைநகரின் இரண்டு குன்றுகளிலும் தன் தடத்தைப் பதித்திருப்பது மட்டும் தெளிவு.

திருப்பரங்குன்றத்துக் கல் இன்னும் ஒரு வரி போகிறது. சாத்தன் கணபதியின் தர்மபத்தினி நக்கன் கொற்றி துர்க்கைக்கும் சேட்டைக்கும் கோயில் எடுத்தாள் என்று எழுதுகிறது.

இந்தப் பெயரைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சாத்தன் கணபதி, மாறன் காரி என்னும்போது முன்னால் நிற்பது தகப்பன் பெயர். அந்த முறையில் பார்த்தால் நக்கனின் மகள் கொற்றி. நக்கன் என்பது சிவனின் பெயரும்கூட. பிற்காலத்தில் தஞ்சைப் பெரிய கோயிலின் தளிச்சேரிப் பெண்டுகள் அதையே முன்பெயராகக் கொண்டிருந்தார்கள். எப்படிக் கொண்டாலும் அது கணவனின் பெயர் கிடையாது. கல்யாணத்துக்குப் பிறகும், அரசாங்கக் கல்லிலும், அவள் தன் முன்பெயரோடுதான் இருந்தாள். கொற்றி என்றால் துர்க்கை. தன் பெயருக்கு உரிய தெய்வத்துக்கே கோயில் எடுத்திருக்கிறாள். சேட்டையோ அன்று வணங்கப்பட்ட தாய்த்தெய்வம். பின்னாளில் அவள் மூதேவியாகி, பெண்களைத் திட்டும் சொல்லாகிப் போனாள்.

கொற்றியின் பெயர் ஏன் தப்பியது? அவள் செலவிட்டாள், செய்வித்தாள். கொடை கொடுத்தவரை எழுதுவது கல்வெட்டின் வேலை. கையில் பொருளும் அதைச் செலவிடும் உரிமையும் இருந்த பெண்ணை ஆவணம் தவிர்க்க முடியவில்லை. உயர்குடிப் பெண்ணுக்குத்தான் அது வாய்த்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இந்தக் கணக்கு நம் வீட்டுப் பெட்டியில் இருக்கும் பத்திரங்களுக்கும் பொருந்தும். பழைய கிரயப் பத்திரத்தில் செக்குபந்தி என்று நான்கெல்லை எழுதியிருப்பார்கள்: இன்னார் நிலத்துக்குக் கிழக்கு, இன்னார் புஞ்சைக்குத் தெற்கு என்று. அக்கம்பக்கத்துக் குடும்பங்களின் பட்டியல் அதிலேயே இருக்கிறது. ஆனால் அது பெரும்பாலும் ஆண்களின் பட்டியல். பெண்கள் வேறு இடங்களில் வருவார்கள். மகளுக்கு மஞ்சக்காணி எழுதும்போது, புருஷன் இறந்து மைனர் பிள்ளைக்குத் தாய் கார்டியனாகும்போது, பிறந்த வீட்டுப் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்தோ கைநாட்டோ வைக்கும்போது.

1956க்கு முந்தைய விதவைகளின் கிரயப் பத்திரங்கள் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். கணவன் சொத்தில் அவளுக்கு இருந்தது ஆயுட்கால உரிமைதான். தன் சுயசொத்தை விற்கும் ஆண் காரணம் சொல்ல வேண்டியதில்லை. அவளோ கணவன் வைத்த கடன், ஈமச்சடங்குச் செலவு, மகள் கல்யாணம் என்று அவசியத்தை எழுதிக் காட்ட வேண்டியிருந்தது. பின்னால் வாரிசாகக்கூடிய பங்காளிகளின் சம்மதக் கையெழுத்தையும் வாங்கிவைப்பார்கள். அவளை நம்பாத சட்டம், நமக்கு ஒரு குடும்ப வரலாற்றையே எழுதி வாங்கி வைத்திருக்கிறது.

1956 இந்து வாரிசுரிமைச் சட்டம் அந்தக் குறைந்த உரிமையை முழு உரிமையாக்கியது. கூட்டுக்குடும்பப் பூர்வீகச் சொத்தில் மகளும் மகனைப்போலப் பங்காளி என்று தமிழ்நாடு 1989இல் திருத்தம் கொண்டுவந்தது. மார்ச் 25க்கு முன் கல்யாணமான மகள்களை அது விட்டுவிட்டது. 2005இல் வந்த மத்தியத் திருத்தம் அந்தப் பாகுபாட்டை நீக்கியது. அந்த உரிமை பிறப்பால் வருவது, 2005இல் தகப்பன் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020இல் உச்சநீதிமன்றம் தெளிவாக்கியது. அதே யானைமலைப் பக்கம், உலகனேரியில், 2004 முதல் உயர்நீதிமன்றக் கிளை இயங்குகிறது. பாகப்பிரிவினை மேல்முறையீடுகளில் யார் யாருக்கு என்ன முறை என்ற பழைய கேள்விதான் அங்கே திரும்பத் திரும்ப வருகிறது. அந்தக் குடிவழிப் பட்டியலில் பெயர் விடுபட்ட மகளுக்கு இழப்பு நினைவு மட்டும் கிடையாது, நிலமும்தான்.

எனவே குடும்ப வரலாறு எழுத உட்காரும் மாணவிகள் தாத்தாவின் தாத்தாவைத் தேடும் முன் ஒரு வேலை செய்யலாம். அம்மா, அம்மாச்சி, அப்பத்தா, அவர்களின் அம்மாக்கள் என்று ஒவ்வொருவரின் பெயரையும், பிறந்த ஊரையும், தகப்பன் பெயரையும் கேட்டு எழுதுங்கள். பிறகு சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று போட்டு, அந்தப் பெயர்கள் எந்தப் பத்திரத்தில், என்னவாக வருகின்றன என்று பாருங்கள். வாங்கியவளாகவா, கொடுத்தவளாகவா, விட்டுக்கொடுத்தவளாகவா? பக்கத்து வீட்டோடு உள்ள உறவு பெரும்பாலும் அங்கேதான் பிடிபடும். உங்கள் முன்னால் ஒரு விடுதலைப் பத்திரம் நீட்டப்பட்டால், கையெழுத்துக்கு முன் அதையும் இதே கண்ணோடு ஒருமுறை முழுதாகப் படியுங்கள்.