பெயரைக் காத்த கழகம்

கொழும்பு மாநகரின் பழைய விளையாட்டுக் கழகங்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பார்த்தால், அந்நகரத்துச் சமுதாயத்தின் அக்கால அமைப்பே கண்முன் தோன்றும். ஐரோப்பியருக்குக் கொழும்பு கிரிக்கெட் கழகம் இருந்தது. பறங்கியருக்கு ஒன்று, மலாயருக்கு ஒன்று, சோனகருக்கு ஒன்று, சிங்களவருக்கு ஒன்று எனக் கழகங்கள் தனித்தனியே எழுந்தன. இவ்வரிசையில் எதிலும் சேராத கழகமும் ஒன்று உண்டு. 1888ஆம் ஆண்டு தோன்றிய அது, 'இன்னவர் என்று வகுத்துரைக்க இயலாதவர்' என்று பொருள்படும் நொண்டிஸ்கிரிப்ட்ஸ் என்ற பெயரைத் தனக்குச் சூட்டிக்கொண்டது.

தமிழருக்கான கழகம் 1899ஆம் ஆண்டு உருவாயிற்று. அதே ஆண்டிலேதான் சிங்கள விளையாட்டுக் கழகமும் தோன்றியது. உத்தியோகமும் தொழிலும் நாடி வடக்கிலும் கிழக்கிலும் இருந்து தலைநகருக்கு வந்தோர் பலர். கொட்டாஞ்சேனை முதலிய பகுதிகளிலே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தோரும் பலர். அத்தகைய நகரில் தமிழ் யூனியன் என்ற பெயர் ஆரவாரமின்றி எழுதப்பட்டது. அன்று அது ஓர் அடையாளமாக மட்டுமே இருந்தது. அப்பெயரைத் தாங்குவதற்கும் நெஞ்சுரம் வேண்டியிருக்கும் காலம் ஒன்று வரும் என்பதை அன்று எவரும் எண்ணியிரார்.

கழகத்தின் வரலாற்றிலே முதன்மையாக நினைக்கத்தக்கவர் பாக்கியசோதி சரவணமுத்து. இவர் பொது வாழ்விலே புகழ்பெற்ற குடும்பத்தைச் சேர்ந்தவர். சகோதரர் இரத்தினசோதி சரவணமுத்து, தேர்தல் மூலம் தெரிவான கொழும்பின் முதல் மேயர். அவருடைய துணைவியார் நேசம் சரவணமுத்து, கொட்டாஞ்சேனையை உள்ளடக்கிய வட கொழும்பின் பிரதிநிதியாக 1932ஆம் ஆண்டு அரசாங்க சபையிலே இடம்பெற்றவர். சிவில் சேவை அதிகாரியாக விளங்கிய பாக்கியசோதியோ பொரளையை அடுத்த வனாத்தமுல்லையிலே கழகத்திற்கு ஒரு மைதானம் அமையப் பாடுபட்டார். 'கொழும்பு ஓவல்' என வழங்கிய இம்மைதானம் விரைவிலேயே இலங்கைக் கிரிக்கெட்டின் முக்கிய களமாயிற்று. 1948ஆம் ஆண்டு நாட்டின் கிரிக்கெட் கட்டுப்பாட்டுச் சபை அமைந்தபோது அதன் முதல் தலைவராகவும் அவரே விளங்கினார். ஓர் இனத்தின் பெயர் தாங்கிய கழகத்தை வளர்த்தவர், முழு நாட்டுக்குமான சபையையும் வழிநடத்தினார்.

அதே ஆண்டு பிராட்மன் தலைமையில் இங்கிலாந்து நோக்கிக் கப்பலிற் சென்ற அவுஸ்திரேலிய அணி, வழியிலே கொழும்பில் இறங்கி இம்மைதானத்திலே ஆடியது. இலங்கை அணிக்குத் தலைமை தாங்கியவர் தமிழ் யூனியன் வீரராகிய சதாசிவம். முந்திய ஆண்டிலே சென்னைச் சேப்பாக்கத்தில் தென்னிந்திய அணிக்கெதிராக 215 ஓட்டங்கள் குவித்தவர் அவர்.

பாக்கியசோதி 1950ஆம் ஆண்டு காலமானார். 1977ஆம் ஆண்டு மைதானத்திற்கு அவருடைய பெயர் சூட்டப்பட்டது. 1982 பெப்ரவரி 17ஆம் நாள், இலங்கை தனது முதலாவது டெஸ்ட் போட்டியை இங்கிலாந்துக்கெதிராகத் தொடங்கியது இந்த மைதானத்திலேதான்.

அடுத்த ஆண்டு நிகழ்ந்ததை நேயர்கள் அறிவர். 1983 யூலை 24ஆம் நாள் பொரளைக் கனத்தை மயானத்திலே கூடிய கூட்டத்திடையே மூண்ட வன்செயல், கொழும்பெங்கும் பரவிற்று. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தன. உயிரிழந்தோர் பலர்; அகதி முகாம்களிலே தஞ்சம் புகுந்தோர், கப்பலேறி வடக்கே சென்றோர், கடல் கடந்தோர் எண்ணிலர். தமிழ் என்ற சொல்லைப் பெயரிலே தாங்குவது அஞ்சத்தக்கதாகிய அந்நாட்களிலே, அச்சொல்லைத் தலைப்பிலே கொண்ட கழகமும் அதன் மைதானமும் அக்கனத்தைக்குச் சிறு தொலைவிலேதான் இருந்தன. இடர் நீங்கும்வரை பெயரை மாற்றிக்கொள்ளலாம் என்று எண்ணுவது எளிது. ஆனால் கழகத்தின் பெயர் மாறவில்லை.

இரண்டு ஆண்டுகள் சென்றன. 1985 செப்டெம்பரில், கபில்தேவ் தலைமையிலான இந்திய அணியை அதே மைதானத்தில் 149 ஓட்டங்களால் வென்றது துலீப் மென்டிஸ் தலைமையிலான இலங்கை அணி. டெஸ்ட் வரலாற்றிலே இலங்கையின் முதலாவது வெற்றி அதுவே. நாடு பிளவுண்டு கிடந்த காலத்தில் நாட்டின் முதல் வெற்றி, தமிழர் ஒருவரின் பெயரைத் தாங்கிய மைதானத்திலே, தமிழ்ப் பெயர் தாங்கிய கழகத்தின் இல்லத்திலே கிட்டியது.

இழந்த பெயரை மீட்டுக்கொண்ட கழகங்கள் உலகில் உண்டு. வேல்ஸ் நாட்டிலே மேர்தர் நகரத்து உதைபந்தாட்டக் கழகம் கடன்பட்டு 2010ஆம் ஆண்டு கலைக்கப்பட்டது. அதன் அன்பர்கள் மேர்தர் டவுன் என்னும் பழம் பெயரோடு புதிய கழகம் அமைத்தனர். அடுத்த ஆண்டே பெனிடாரன் பார்க் என்ற தங்கள் பழைய மைதானத்திற்கும் திரும்பினர். அவர்களுக்குப் பகை பணமுடை. தமிழ் யூனியனுக்கு நேர்ந்த சோதனையோ வேறு வகையினது. மீட்க வேண்டிய நிலை வராமல் பெயரைக் காத்தமையே அதன் பெருமை.

அப்பெயர் எவருக்கும் மதிலாக நிற்கவில்லை என்பதற்கும் சான்றுண்டு. 800 டெஸ்ட் விக்கெட்டுகளை வீழ்த்திய கண்டியைச் சேர்ந்த முத்தையா முரளிதரன் ஆடிய கழகம் இதுவே. உபுல் சந்தன, ரங்கன ஹேரத், சுரங்க லக்மால் ஆகிய சிங்கள வீரர்களும் இதே தமிழ்ப் பெயரின் கீழ் ஆடியவர்கள். தங்களுடைய கழகம் எது என்று கேட்டால், அவர்கள் ஒவ்வொருவரும் சொல்லக்கூடிய விடை 'தமிழ் யூனியன்' என்பதாகும்.