இருபது லட்சத்தை எத்தனையால் வகுப்பது?

பட்ஜெட் வாசித்த மறுநாள் எத்தனை கோடி ஒதுக்கினார்கள் என்று டீக்கடை வரை பேச்சு நடக்கும். அந்தக் கோடிகளை எதைக் கணக்காக வைத்துப் பிரித்தார்கள் என்று கேட்பவர் குறைவு. மலையில் இருப்பவர்களுக்கோ அதுதான் முதல் கேள்வி. சேர்வராயன் மலையில், ஏற்காடு ஒன்றியத்தின் ஒன்பது ஊராட்சிகளில் ஒன்று வெள்ளக்கடை. அங்கிருந்து பார்த்தால், அடுத்தடுத்து வந்த இரண்டு ஆட்சிகளின் இரண்டு திட்டங்கள் எப்படித் தெரியும்?

முதலாவது, 2006-07இல் கருணாநிதி அரசு தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம். தமிழ்நாட்டில் அப்போது 12,618 ஊராட்சிகள். ஆண்டுக்கு ஐந்தில் ஒரு பங்கு வீதம் ஐந்தாண்டுகளில் எல்லா ஊராட்சிகளையும் எட்டுவது, ஒவ்வொன்றுக்கும் 20 லட்சம் ரூபாய் தருவது என்பது ஏற்பாடு. நூலகம், விளையாட்டு மைதானம், குளம், ஊரணி, மயானம், குடிநீர் எனப் பணிகள் வரையறுக்கப்பட்டிருந்தன. இந்த ஆண்டு இல்லாவிட்டாலும் ஐந்தாண்டுக்குள் தன் முறை வந்தே தீரும் என்று ஒரு ஊராட்சித் தலைவர் நம்பியிருக்க முடிந்தது. எம்.எல்.ஏ.வைத் தேடி அலையாமல் கிடைக்கிற பணம் என்பது சாதாரண விஷயமல்ல.

இரண்டாவது, 2011-12இல் ஜெயலலிதா அரசு கொண்டுவந்த தாய் திட்டம். இது ஊராட்சியை விட்டுவிட்டுக் குக்கிராமத்தை எண்ணத் தொடங்கியது. 12,524 ஊராட்சிகளுக்குள் 79,394 குக்கிராமங்கள் இருப்பதாகக் கணக்கு எடுக்கப்பட்டது. சராசரியாக ஊராட்சிக்கு ஆறு. ஐந்துக்கும் குறைவான குக்கிராமங்கள் கொண்ட ஊராட்சிக்கு 20 லட்சம், 5 முதல் 15 வரை இருந்தால் 30 லட்சம், 16 முதல் 30 வரை 40 லட்சம் என்று தொகை படிப்படியாக ஏறி, நூற்றைத் தாண்டினால் ஒரு கோடி.

இந்த மாற்றத்தின் அருமை சமவெளியில் அவ்வளவாகத் தெரியாது. தெருக்கள் ஒட்டிக் கிடக்கும் ஊரில் ஒரே மேல்நிலைத் தொட்டி ஊர் முழுவதற்கும் தண்ணீர் தரும். ஏற்காடு மலையில் 67 கிராமங்கள் ஒன்பது ஊராட்சிகளுக்குள் சிதறிக் கிடக்கின்றன. ஊராட்சிக்கு ஏழுக்கு மேல். நடுவே காப்பித் தோட்டம், காடு, பள்ளம். ஓர் ஊரின் தொட்டி அடுத்த ஊருக்கு உதவாது. ஏழு ஊர் கொண்ட மலை ஊராட்சிக்கு அண்ணா திட்டத்தின் 20 லட்சத்தை வகுத்தால் ஊருக்கு மூன்று லட்சம்கூடத் தேறாது. இரண்டே ஊர் கொண்ட சமவெளி ஊராட்சியில் அதே பணம் ஊருக்குப் பத்து லட்சம். சமமாகக் கொடுத்ததால் வந்த ஏற்றத்தாழ்வு இது.

தாய் திட்டத்தில் அந்த ஏழு ஊர்களுக்கு 30 லட்சம். ஊருக்குச் சுமார் நான்கே கால் லட்சம். முன்னேற்றம்தான். ஆனால் படிகளைச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். ஐந்து குக்கிராமம் இருந்தால் ஊருக்கு ஆறு லட்சம், பதினைந்து இருந்தால் இரண்டு லட்சம், முப்பது இருந்தால் ஒன்றே கால் லட்சத்துக்குச் சற்று மேல். ஊர்கள் கூடும் வேகத்தில் தொகை கூடவில்லை. மலைக் குக்கிராமங்களில் வீடுகள் குறைவு, அதனால் தலைக்கு வரும் தொகை சரியாகத்தான் இருக்கும் என்று அதிகாரிகள் தரப்பில் வாதிடலாம். வீடுகள் குறைந்தால் குழாயின் நீளமும் குறையுமா என்ன? சிமென்ட்டும் மணலும் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி வந்து, தார் ரோடு முடிகிற இடத்தில் இறங்கி, அங்கிருந்து தலைச்சுமையாகப் போக வேண்டிய ஊர்களும் உண்டு. எண்ணிக்கையைக் கவனித்த தாய் திட்டத்தின் படிகள், தூரத்தைக் கவனிக்கவில்லை.

எதைக் கட்டினார்கள் என்பதிலும் இரண்டும் வேறு. தாய் திட்டம் குடிநீர், தெருவிளக்கு, சாலை, மயானம், மயானப் பாதை ஆகியவற்றை முதலில் வைத்தது. அங்கன்வாடி, ரேஷன் கடை, கதிரடிக்கும் களம் எல்லாம் அதற்குப் பிறகுதான். தண்ணீரே வராத ஊரில் இந்த வரிசையைக் குறை சொல்ல முடியாது. இருந்தாலும் அண்ணா திட்டத்தின் நூலகம் எனக்குப் பெரிதாகவே படுகிறது. பழங்குடி மலையாளி மக்களின் பிள்ளைகள் படிக்கும் மலையில், புத்தக அறை ஒன்றை ஊராட்சியின் அடிப்படை வசதிகளில் சேர்த்து எண்ணிய துணிச்சல் அது. ஆனால் கட்டடத்துக்கு ஒருமுறை பணம் தருவது எளிது. திறந்து வைக்க ஆளும், ஆண்டுதோறும் புத்தகமும் வேண்டும். அவற்றுக்கான செலவு அந்த 20 லட்சத்துக்குள் அடங்குவதில்லை.

மலைக்கென்று தனி நிதியே இல்லையா என்று கேட்கலாம். மத்திய அரசின் மேற்குத் தொடர்ச்சி மலை மேம்பாட்டுத் திட்டம் 1974-75 முதலே இருந்தது. நீலகிரிக்கும் தனியாக ஒன்று வந்தது. சேர்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சியில் இருப்பதால் அந்த வரைபடத்துக்கு வெளியே நின்றது. ஏற்றம் ஒன்றுதான், இறக்கமும் ஒன்றுதான். தொடர்ச்சி மட்டும் வேறு.

பணம் வந்தாலும் நிலம் வேண்டும். வழியில் காப்புக் காடு குறுக்கிட்டால் 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது: பள்ளி, அங்கன்வாடி, ரேஷன் கடை, குடிநீர், சாலை உள்ளிட்ட 13 வகை வசதிகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வனநிலத்தைத் தரலாம்; ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக் கூடாது; கிராமசபையின் பரிந்துரை வேண்டும்.

கிராமசபை என்றதும் கணக்கு மறுபடியும் ஊராட்சிக்கே திரும்பிவிடுகிறது. 1996இல் நாடாளுமன்றம் இயற்றிய பெசா சட்டம், பழங்குடிப் பகுதிகளில் ஒரு குக்கிராமமே தனிக் கிராமமாக நின்று தன் சபையைக் கூட்ட இடம் தருகிறது. ஆனால் அது அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பகுதிகளுக்கு மட்டுமே. தமிழ்நாட்டில் அப்படி அறிவிக்கப்பட்ட பகுதி எதுவும் இல்லை. ஆகவே தாய் திட்டம் பணத்தைக் குக்கிராமக் கணக்கில் அனுப்பிய ஆண்டுகளிலும், எந்த வேலை முதலில் என்று கேட்கும் கூட்டம் ஊராட்சிக்கு ஒன்றாகவே இருந்தது. கடைக்கோடி ஊர்க்காரர் அதற்கு வர வேண்டுமானால் ஒரு நாள் தோட்டக் கூலியை விட்டுவிட்டு, ஏறி இறங்கி நடந்து வர வேண்டும்.